சென்ட்ரிங் அடிக்காத டோம்: ஃபிளாரன்ஸில் மெக்கும் நானும்

போன வருஷம் நம்ம சிம்போசியத்துக்கு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். லேபுக்கு வெளியே வேப்பமரத்தடியில, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு குட்டி செங்கல் டோம் நின்னுது. பாதி உருண்டை வடிவம். காலையில எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க. மதியம் லோட் டெஸ்ட். மூணாவது மணல் மூட்டையை உச்சியில வைக்கும்போது 'டப்'னு ஒரு சத்தம். அடியிலிருந்து மேல் நோக்கி நாலு விரிசல். நாலாவது மூட்டையை வைக்கிறதுக்கு டோமே இல்லை.

அதைக் கட்டினது நானும் என் ரூம்மேட்டும். அவன் மெக்கானிக்கல், அதனால இந்தக் கட்டுரை முழுக்க அவன் பேரு மெக். டிசைன் என்னோடது, கலவை போட்டது அவன். ஜட்ஜ் "என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்டப்போ நான் யோசிக்கவே இல்லை. "கலவையில தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு சார்"னு சொல்லிட்டேன். மெக் பக்கத்துலயே நின்னான். ஒண்ணும் சொல்லலை. ரூமுக்கு வந்த பிறகும் ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தா பரவாயில்லை.

இந்த ஜூலையில ரெண்டு பேரும் ம்யூனிக்ல இன்டர்ன்ஷிப் முடிச்சோம். கையில கொஞ்சம் யூரோ மிச்சம், ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருந்தது. அவன் வெனிஸ்னான், நான் ஃபிளாரன்ஸ்னேன். டாஸ்ல நான் ஜெயிச்சேன். ஆளுக்கு ஒரு பேக்பேக், ராத்திரி பஸ், காலையில ஃபிளாரன்ஸ்.

பயண டிப்ஸ் கேக்குறவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். ஊரோட பழைய பகுதி முழுக்க நடந்தே பார்த்துடலாம். காபியை கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே குடிங்க; உட்கார்ந்தா பல கடையில விலை ஏறிடும். அந்த ஊர் பாரம்பரிய ரொட்டியில உப்பே போட மாட்டாங்க, கடைக்காரர் மறந்துட்டார்னு நினைச்சு சண்டை போடாதீங்க (நாங்க கிட்டத்தட்ட போட்டோம்). டோம் ஏற முன்கூட்டியே நேரம் புக் பண்ணணும். 30 யூரோ, கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய். பெரிய பையை உள்ளே விடமாட்டாங்க, டிக்கெட் இருந்தா தனியா ஒரு இடத்துல வச்சுட்டுப் போகலாம். ஏறுற வழி முன்வாசல் இல்லை, வடக்குப் பக்கம். இது தெரியாம முன்வாசல் க்யூவுல இருபது நிமிஷம் நின்னுட்டு, கடைசி நிமிஷத்துல கட்டடத்தைச் சுத்தி ஓடினோம். அந்த ஓட்டத்துல மெக் என்னைப் பார்த்து, "இதுவும் கலவை பிரச்சனையா?"ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டுதான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்த கதீட்ரலைக் கட்ட ஆரம்பிச்சது 1296-ல. 1367-ல ஒரு முடிவு எடுத்தாங்க: நடுவுல பிரம்மாண்டமான எட்டுப்பக்க டோம் வரணும், ஆனா வெளியே முட்டுச்சுவர் எதுவும் தெரியக்கூடாது. பிரெஞ்சு கதீட்ரல் போட்டோவுல சிலந்திக்கால் மாதிரி வெளியே நீட்டிக்கிட்டு இருக்குமே, அது வேண்டாம்னுட்டாங்க. முடிவு எடுத்தவங்களுக்கு அதை எப்படிக் கட்டுறதுன்னு தெரியாது. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் மாதிரிதான், முதல்ல தலைப்பு கொடுத்துட்டு மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் சுவரும் தூணும் எழும்பிக்கிட்டே போச்சு, நடுவுல மட்டும் ஓட்டை. அகலம் சுமார் 45 மீட்டர். தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேலே.

ஏன் மூட முடியலை? பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போங்க. வட்டமா நின்னு, தோளோட தோள் ஒட்டி, எல்லாரும் உள்பக்கமா சாயுங்க. விழமாட்டீங்க. ஒருத்தரை ஒருத்தர் நெருக்கிப் பிடிச்சுக்குவீங்க. டோமோட மேல்பகுதியில ஒவ்வொரு செங்கல் வரிசையும் இப்படித்தான் நிக்குது. இது கம்ப்ரஷன், செங்கலுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆனா ஒரு நிபந்தனை: பத்தாவது ஆள் வந்து வட்டம் மூடுற வரைக்கும் முதல் ஒன்பது பேரையும் யாராவது தாங்கிப் பிடிக்கணும். கட்டடத்துல அப்படித் தாங்குறதுக்குப் பேர்தான் சென்ட்ரிங். நம்ம ஊர்ல வீட்டுக்கு ரூஃப் போடும்போது பலகையும் சவுக்குக் கம்பும் வச்சு அடிப்பாங்களே, அதேதான். 45 மீட்டர் அகலத்துக்கு, அவ்வளவு உயரத்துல சென்ட்ரிங் அடிக்கணும்னா ஒரு காட்டையே வெட்டணும். அவ்வளவு மரத்தை நிறுத்தினா அதுவே தன் எடையைத் தாங்குமாங்கிறது அடுத்த சந்தேகம்.

1418-ல போட்டி அறிவிச்சாங்க. சென்ட்ரிங்கே இல்லாம கட்டுறேன்னு சொன்னவர் ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி. (இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்து நான் ரொம்ப நாளா 'புருனெல்லெஷி'ன்னு படிச்சிருக்கேன். 'ஸ்கி'தான் சரி.) ஆள் கொத்தனார் இல்லை, தட்டார். பொற்கொல்லர் வேலை படிச்சவர். 1401-ல பக்கத்துல இருக்குற பாப்டிஸ்ட்ரிக்கு வெண்கலக் கதவு செய்யுற போட்டியில கிபெர்ட்டிங்கிறவர்கிட்ட தோத்தவர். இப்போ டோம் வேலையிலயும் அதே கிபெர்ட்டியைச் சம பொறுப்புல போட்டாங்க. டீம் ப்ராஜெக்ட்டோட வலி அன்னைக்கே இருந்திருக்கு.

1420-ல வேலை ஆரம்பிச்சு 1436-ல டோம் மூடிட்டாங்க. 40 லட்சத்துக்கும் மேல செங்கல். சென்ட்ரிங் கிடையாது.

இதையெல்லாம் நான் யூடியூப்ல பார்த்திருந்தேன், புரிஞ்சிருந்ததுன்னும் நினைச்சேன். படியில ஏறும்போதுதான் புரியலைன்னு தெரிஞ்சுது. மொத்தம் 463 படி, லிஃப்ட் கிடையாது. அது ஒரு டோமே இல்லை, ரெண்டு. உள்ளே ஒரு தடிமனான ஓடு, வெளியே மெல்லிய ஓடு, நடுவுல இருக்குற சந்துலதான் படி போகுது. சுவர் ரெண்டு பக்கமும் தோள்ல உரசுது. மேல போகப் போக சுவரே நம்ம மேல சாயுது, தலையைச் சாய்ச்சுக்கிட்டுதான் நடக்கணும். ஜூலை வெயில், முன்னாடி போறவரோட மூச்சு நமக்குக் கேக்குது.

அங்கே ஒரு இடத்துல மெக் டக்குனு நின்னுட்டான். "டேய், இங்க பாரு. செங்கலைத் தப்பா வச்சிருக்காங்க."

தப்பா இல்லை, அதுதான் விஷயமே. படுத்த செங்கல் வரிசைக்கு நடுவுல, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு செங்கலை நிமிர்த்தி வச்சிருக்காங்க. அடுத்த வரிசையில அந்த நிமிர்ந்த செங்கல் ஒரு படி தள்ளி வருது. இப்படியே சுத்திச் சுத்தி மேலே ஏறுது. பார்க்க மீன் முள்ளு மாதிரி இருக்கும், இத்தாலியன்லயும் மீன்முள்ளுன்னுதான் பேரு. நிமிர்ந்த ரெண்டு செங்கலுக்கு நடுவுல படுத்த செங்கல் மாட்டிக்குது, ஷெல்ஃப்ல ரெண்டு தடி புக்குக்கு நடுவுல மெல்லிசு நோட்டு நிக்கிற மாதிரி. கலவை காயலைன்னாலும் சரிஞ்சு விழாது. பத்து பேர் உதாரணத்துக்கே வருவோம்: வட்டம் மூடுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மூணு மூணு பேரா லாக் ஆகிக்கிட்டே வரலாம். சென்ட்ரிங் செய்யுற வேலையைச் செங்கல் அடுக்கே செஞ்சுடுது.

வரிசைகளும் நேரா இல்லை. மூலைக்கு மூலை துணிக்கொடி கட்டின மாதிரி நடுவுல லேசா தொய்ஞ்சிருக்கு. டோம் எட்டுப்பக்கமா இருந்தாலும் வரிசைகள் முனையில உடைஞ்சு நிக்காம தொடர்ந்து ஓடுறதுக்காக அப்படி. நான் தடவிப் பார்த்துக்கிட்டே நின்னேன். பின்னாடி இருந்த ஒரு அம்மா இத்தாலியன்ல ஏதோ சொன்னாங்க, நடங்கன்னுதான் இருக்கணும்.

இடையில ஒரு பால்கனி வரும். அங்கேயிருந்து டோமோட உள்பக்க ஓவியம் ரொம்பக் கிட்ட தெரியும். வசாரி ஆரம்பிச்சு, அவர் இறந்த பிறகு சுக்காரி 1579-ல முடிச்ச 'கடைசித் தீர்ப்பு'. எல்லாரும் நரகத்துப் பேய்களை போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பார்த்தது வேற ஒண்ணு. ஓவியத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழே ஓடுற விரிசல். கீழே அகலமா, மேலே போகப் போக மெலிஞ்சு.

எங்க டோம்ல விழுந்த அதே விரிசல்.

பத்துப் பேர் விளையாட்டோட ரெண்டாவது பாதி இது. அதே பத்துப் பேர் கையைக் கோத்துக்கிட்டு இப்போ வெளிப்பக்கமா சாயுங்க. கை இழுபடும். ஒருத்தர் விட்டா எல்லாரும் மல்லாக்க விழணும். இது டென்ஷன். டோமோட கீழ்ப்பகுதி இப்படித்தான் இருக்கு. மேலே இருக்குற எடை கீழ் வளையத்தை வெளிப்பக்கமா தள்ளுது, வளையம் விரியப் பார்க்குது. ஒரே தடிமன் உள்ள பாதி உருண்டை டோம்ல, தன் எடைக்கு மட்டும் கணக்குப் போட்டா, உச்சியிலிருந்து 51.8 டிகிரி வரைக்கும் கம்ப்ரஷன், அதுக்குக் கீழே டென்ஷன். இந்த நம்பரை நான் எக்ஸாம்ல எழுதி ஃபுல் மார்க் வாங்கியிருக்கேன். செங்கலுக்கும் கலவைக்கும் இழுவை ஆகாது, அதனால கீழேதான் முதல்ல கிழியும்.

புருனெல்லெஸ்கிக்கு இந்த கணக்கு எதுவும் தெரியாது. ஸ்ட்ரெஸ்ங்கிற கருத்தே அப்போ வரலை. ஆனா டோம் விரியப் பார்க்கும்னு தெரிஞ்சிருக்கு. பாதி உருண்டையா இல்லாம கூர்மையான வடிவம், அதனால வெளித்தள்ளல் குறையுது. அதுக்கு மேல, ஓடுகளுக்குள்ள கல்லால ஆன சங்கிலி வளையங்கள். மணற்பாறைத் துண்டுகளை இரும்புக் கொக்கி போட்டுக் கோத்தது. கூடவே மரத்தால ஒரு சங்கிலி. நம்ம ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவாங்களே, அந்த வேலைதான். முட்டுச்சுவர் வேண்டாம்னு 1367-ல எடுத்த முடிவுக்கு விலை இந்தச் சங்கிலிகள்.

இவ்வளவு போட்டும் விரிசல் விட்டிருக்கு. எட்டு முகத்துல நாலுல பெரிய விரிசல். குளிர்காலம், வெயில்காலம்னு அது விரியும், சுருங்கும். 1980-களோட கடைசியிலிருந்து கருவி பொருத்தி அளந்துக்கிட்டே இருக்காங்க.

எங்க டோம்ல அடியில வளையம் எங்கே? இல்லை. டிசைன்ல நான் போடவே இல்லை. போட்டோவை ஃபோன்ல எடுத்துப் பார்த்தேன். நாலு விரிசல், எல்லாம் அடியில தொடங்கி மேலே போகுது. கலவைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மெக்கோட கலவை நல்லாத்தான் இருந்திருக்கு, இல்லைன்னா மூணு மூட்டை வரைக்கும் நின்னிருக்காது.

அவன்கிட்ட அங்கேயே சொல்லலை. தைரியம் வரலைன்னுதான் சொல்லணும். மேலே போய், காத்துல நின்னு, சிவப்பு ஓட்டுக்கூரை எல்லாம் பார்த்துட்டு இறங்கிட்டோம். கதீட்ரலுக்குப் பின்பக்கம் தரையில ஒரு வெள்ளைப் பளிங்கு வட்டம் பதிச்சிருக்கு. டோம் உச்சியில இருக்குற செம்பு உருண்டை மின்னல் அடிச்சு கீழே விழுந்த இடம் அது, 400 வருஷத்துக்கு முன்னாடி. அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து உப்பில்லாத ரொட்டியும் ஆரஞ்சும் சாப்பிட்டோம். மெக் ஆரஞ்சைக் குறுக்கே வெட்டி உள்ளே இருந்ததைச் சாப்பிட்டுட்டு பாதித் தோலைக் கவுத்து வச்சான். நான் அதை மேலேயிருந்து விரலால அமுக்கினேன். ஓரத்துல கிழிஞ்சுது, ரெண்டு இடத்துல, அடியிலிருந்து மேலே.

"மச்சி, நம்ம டோம்…"

"தெரியும்டா."

"கலவை இல்லை. நான்தான் அடியில ரிங் போடலை."

"அன்னைக்கு ராத்திரியே தெரியும். உன் டிசைன் புக்கைத்தான் எடுத்துப் பார்த்தேன்."

"அப்போ ஏன்டா சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்." ஆரஞ்சோட மிச்சப் பாதியை என்கிட்ட நீட்டினான். "ஒரு வருஷம் ஆக்கிட்டியே."

அதுக்கப்புறம் மியூசியத்துக்குப் போனோம், அது அவனோட ஏரியா. டோம் வேலையில ஓடின கப்பி, கயிறு, மர மெஷின் மாடல், புருனெல்லெஸ்கியோட முகத்துல எடுத்த அச்சு எல்லாம் இருக்கு. டோம் பெரிசில்லை, கிரேன்தான் பெரிசுன்னு மெக் ஒரு மணி நேரம் வாதாடினான். காளை பூட்டி இழுக்கிற ஹாய்ஸ்ட். கல்லை ஏத்திட்டு கயிறை இறக்கணும்னா காளையை அவிழ்த்துத் திருப்பிப் பூட்ட வேண்டாம். ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினா வேற பல்சக்கரம் மாட்டும், காளை அதே திசையில நடக்க நடக்கக் கயிறு கீழே வரும். ரிவர்ஸ் கியர்! இந்த மெஷின்களைப் பிறகு லியனார்டோ நோட்டுல வரைஞ்சு வச்சிருக்கார். அதே ஆள் 1421-ல பளிங்குக் கல் ஏத்துற படகு ஒண்ணுக்குப் பேட்டன்ட்டும் வாங்கியிருக்கார், உலகத்தோட ஆரம்பகால பேட்டன்ட்கள்ல ஒண்ணு. அந்தப் படகு கல்லோட ஆர்னோ ஆத்துல மூழ்கிப்போச்சு. இதைக் கேட்டதும் எனக்கு மனுஷனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

ஊருக்கு வந்து ரெண்டாவது டோம் கட்டினோம். அதே ஒரு மீட்டர், அதே ஒண்ணுக்கு நாலு கலவை, மெக் கையால. அடி வரிசைக்குள்ள கட்டுக்கம்பியை முறுக்கி மூணு சுத்து போட்டோம். ஏழு மூட்டை நின்னுது, எட்டாவதுக்கு மூட்டை இல்லை. ஒரே ஒரு மயிரிழை விரிசல் மட்டும் விழுந்திருக்கு. அது எங்கே முடியுதோ அங்கே பென்சிலால கோடு போட்டு தேதி எழுதி வச்சிருக்கோம். வேப்பமரத்தடியிலதான் இருக்கு, அந்தப் பக்கம் போனா கோட்டைத் தாண்டியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.