மாங்காயைப் பழமாக்கும் நொதிகள்

புத்தலப்பட்டு வட்டாரத்தில் விளையும் தோத்தாபுரியைத் தமிழ்நாட்டில் கிளிமூக்கு மாங்காய் என்பார்கள். கெட்டியாகவும் புளிப்பாகவும் இருக்கும் அந்தக் காய் சில நாட்களில் இனித்து இளகிவிடுகிறதே, எப்படி? காயின் உயிரணுக்களிலுள்ள நொதிகளே காரணம். இவற்றை என்சைம் என்றும் சொல்வதுண்டு.

நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். 1926-இல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க அறிஞர், வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து இதற்கு வழிகாட்டினார். நொதிகளின் முக்கியக் குணங்கள் மூன்று.

முதலாவது: நொதி, வேதிவினையை விரைவுபடுத்தும், தான் செலவாகாது. ஒரே ஆள் நாள் முழுவதும் மூட்டை இறக்குவதுபோல, ஒரே நொதி மூலக்கூறு திரும்பத் திரும்ப வேலை செய்யும். ஆகவே சிறிதளவே போதும்.

இரண்டாவது: ஒவ்வொரு நொதிக்கும் தனி வேலை. அமிலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரைகளாக உடைக்கும். செல்சுவரின் பெக்டினைக் கரைத்துச் சதையை இளக்குவது பெக்டினேஸ். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. நான் ரயில்வேயில் இருந்தபோது கையாண்ட டோக்கன் உருண்டையும் இப்படித்தான். ஒரு செக்‌ஷனின் உருண்டை அடுத்த செக்‌ஷனின் கருவியில் நுழையாது. எமில் ஃபிஷர் 1894-இல் இந்தப் பொருத்தத்தைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார்.

மூன்றாவது: வெப்பமும் அமிலத்தன்மையும் நொதியைப் பாதிக்கும். குளிரில் வேகம் குறையும். கொதிக்க வைத்தால் புரதம் உருக்குலைந்து செயலிழக்கும். மாம்பழக்கூழ் ஆலைகளில் கூழைச் சூடாக்குவது கிருமிகளை அழிப்பதற்கு மட்டுமன்று, நொதிகளை நிறுத்துவதற்கும்தான்.

காயில் இந்த நொதிகளை முடுக்கிவிடுவது, காயே வெளியிடும் எத்திலீன் வாயு. வைக்கோலில் மூடிவைத்தால் வாயு தங்கிக் காய் பழுக்கும். சில வியாபாரிகளோ கார்பைடு கல் வைக்கிறார்கள். பணிமனையில் நாங்கள் வெல்டிங்குக்குப் பயன்படுத்திய அதே கல்! ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு தரும்; அது எத்திலீனைப்போல் செயல்படும். ஆனால் அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகள் கலந்திருக்கக்கூடும். மேலும், முற்றாத காயில் மாவுச்சத்து போதாது. தோல் மஞ்சளாகும், உள்ளே சர்க்கரையாக்க நொதிக்குச் சரக்கு இராது.

2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடால் பழுக்க வைப்பதைத் தடைசெய்கின்றன. அளவாக எத்திலீன் வாயு செலுத்துவதற்கு அனுமதி உண்டு.

ஆகவே அன்பர்களே, முற்றிய காயாக வாங்கி, ஓரிரு பழங்களோடு வைக்கோலில் வையுங்கள். ஒரு வாரத்திற்குள் நொதிகள் தம் வேலையை முடித்துவிடும். குழந்தைகளுக்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.