சகோதரர்களுக்கு எதிரே நின்ற தளபதி: ஜமல் யுத்தத்தில் அலீ (ரலி)

 

பத்ரையும் உஹதையும் கந்தக்கையும் மிம்பரில் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் களங்களில் எதிரி யார் என்பதில் ஒரு படைத் தளபதிக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் எதிரணியிலும் அதே பாங்கு ஒலிக்கிறது, அதே கிப்லாவை நோக்கித்தான் ஸஃப் கட்டுகிறார்கள் என்றால், அங்கே ஒரு தளபதி என்ன செய்வார்? ஹிஜ்ரி 36-ல் அமீருல் முஃமினீன் அலீ (ரலி) அவர்களுக்கு இந்தச் சோதனை வந்தது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் இருந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்கள். யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. அந்த விவாதத்தில் நாக்கைக் கட்டுப்படுத்துவதுதான் அஹ்லுஸ் ஸுன்னாவின் வழி. அந்த மனிதர்கள் சண்டைக்கு நடுவிலும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் நமக்கான பாடம்.

ஹிஜ்ரி 35 துல்ஹஜ்ஜில் உஸ்மான் (ரலி) ஷஹீதாக்கப்பட்டார்கள். மதீனாவில் அலீ (ரலி) அவர்களுக்கு பைஅத் நடந்தது. கொலையாளிகளை உடனே பழிக்குப்பழி வாங்க வேண்டும் என்று அன்னை ஆயிஷா (ரலி), தல்ஹா (ரலி), ஸுபைர் (ரலி) ஆகியோர் பஸராவுக்குப் புறப்பட்டார்கள். அலீ (ரலி) அவர்களும் இராக் நோக்கி வந்தார்கள். கஅகாஃ இப்னு அம்ர் இடையில் தூது சென்றார், சமாதானம் கிட்டத்தட்ட கைகூடியது. ஆனால் விடிவதற்கு முன்னரே, கொலையில் பங்குள்ளவர்கள் தாக்குதலைத் தொடங்கிவிட்டார்கள் என்று தபரீ பதிவு செய்திருக்கும் அறிவிப்பு சொல்கிறது. அந்தக் குழப்பக்காரர்கள் அலீ (ரலி) அவர்களின் படையோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே நிற்பவர்களை விடத் தம்மோடு நிற்பவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. இதை மறந்துவிட்டால் அவர்களுடைய உத்தரவுகள் நமக்குப் புரியாது.

களத்தில் அவர்கள் ஸுபைர் (ரலி) அவர்களை அழைத்து, நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் தங்கள் இருவரையும் பற்றிச் சொன்ன வார்த்தையை நினைவூட்டினார்கள். ஸுபைர் (ரலி) களத்தை விட்டே விலகிச் சென்றார்கள். வழியில் ஸிபாஃ பள்ளத்தாக்கில் இப்னு ஜுர்மூஸ் என்பவன் அவர்களைக் கொன்றுவிட்டு, பரிசு கிடைக்கும் என்று அலீ (ரலி) அவர்களின் வாசலுக்கு வந்தான். எதிரணித் தலைவரின் சாவுச் செய்தி எந்தத் தளபதிக்கும் இனிக்கும். ஆனால் ஸஃபிய்யாவின் மகனைக் கொன்றவனுக்கு நரகம்தான் நற்செய்தி என்ற பதில்தான் அவனுக்குக் கிடைத்தது. தல்ஹா (ரலி) அவர்களின் உடலைக் கண்டபோது, முகத்தில் படிந்த மண்ணைத் துடைத்துவிட்டு அழுதார்கள்.

சண்டை அன்னையின் ஒட்டகத்தைச் சுற்றியே நடந்தது. அதன் கடிவாளத்தைப் பிடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். ஒட்டகம் நிற்கும்வரை சாவும் நிற்காது என்று கண்டுகொண்ட அலீ (ரலி), அதன் காலை வெட்டச் சொன்னார்கள். ஒட்டகம் சாய்ந்தது, போரும் முடிந்தது. அன்னையின் அம்பாரியைப் பத்திரமாக இறக்கிச் செல்ல அவர்களின் சொந்தச் சகோதரர் முஹம்மது இப்னு அபீபக்ர் அனுப்பப்பட்டார். அவர் அலீ (ரலி) அவர்களின் படையில் இருந்தவர். ஒரே தகப்பனாரின் பிள்ளைகள் இரு அணிகளில்! உள்நாட்டுப் போர் என்றால் இதுதான்.

அதே நாளில் அறிவிப்பு செய்யப்பட்டது. புறமுதுகிட்டு ஓடுபவரைத் துரத்தக் கூடாது. காயம்பட்டுக் கிடப்பவரைக் கொல்லக் கூடாது. ஆயுதத்தைக் கீழே போட்டவருக்கு அபயம் உண்டு. வீடுகளுக்குள் நுழையக் கூடாது. இரு தரப்பு ஜனாஸாக்களுக்கும் தொழுகை நடந்தது. களத்தில் கிடந்த பொருட்கள் பஸரா பள்ளிவாசலில் குவிக்கப்பட்டு, தம் பொருளை அடையாளம் காண்பவர் எடுத்துச் செல்லலாம் என்று சொல்லப்பட்டது.

அன்னை தங்கியிருந்த வீட்டுக்கு அலீ (ரலி) சென்றபோது, கணவரை இழந்த அந்த வீட்டுப் பெண் அவர்களைக் கடுமையாக ஏசினார். அவர்கள் பதில் பேசவில்லை. அந்த வீட்டின் அறைகளில் எதிரணியின் காயம்பட்டவர்கள் ஒளிந்திருந்தார்கள். அது தெரிந்தும் கதவைத் திறக்கச் சொல்லாமல் வெளியேறினார்கள். ஏசிய பெண் மீது கை வைக்கத் துடித்த தம் ஆளையும் தடுத்தார்கள்.

நம் மஹல்லாவில் ஒரு நிர்வாகத் தேர்தல் முடிந்தால், தோற்ற தரப்பு வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறோமே, அதை இங்கே கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பெருந்தன்மைக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களின் இரத்தம் ஹலால், பொருள் மட்டும் ஹராமா என்று படைக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. கனீமத் இல்லாத வெற்றியை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. மறு வருடம் ஸிஃப்பீனுக்குப் பிறகு பிரிந்து போன கவாரிஜ்கள் சொன்ன குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று: போரிட்டார், ஆனால் கைதியும் பிடிக்கவில்லை, கனீமத்தும் எடுக்கவில்லை. அவர்களோடு பேசப் போன இப்னு அப்பாஸ் (ரலி), உங்கள் அன்னை ஆயிஷாவையா கைதியாகப் பங்கு வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. பெரும் எண்ணிக்கையினர் திரும்பி வந்தார்கள்.

திரும்பாதவர்களிடமும் அலீ (ரலி) வாளோடு போகவில்லை. பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்க மாட்டோம், உங்கள் பங்கை நிறுத்த மாட்டோம், நீங்கள் தொடங்காதவரை நாங்கள் போரைத் தொடங்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் கர்ப்பிணியான அவர் துணைவியையும் அவர்கள் கொன்ற பிறகுதான் ஹிஜ்ரி 38-ல் நஹ்ரவான் போர் நடந்தது.

இந்த நடத்தைக்கு அடிப்படை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9, 10 வசனங்கள். சண்டையிடும் இரு கூட்டத்தாரையும் அல்லாஹ் முஃமின்கள் என்றே குறிப்பிடுகிறான். வரம்பு மீறும் கூட்டம் திரும்பும்வரை போரிட அனுமதிக்கிறான், அதன் பின் நீதியோடு சமாதானம் செய்யக் கட்டளையிடுகிறான். அந்த வசனம் களத்தில் எப்படிச் செயலாகும் என்பதை ஃபுகஹாக்கள் அலீ (ரலி) அவர்களிடமிருந்துதான் கற்றார்கள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹ் கிதாபுகளில் கிளர்ச்சியாளர்கள் பற்றிய பாடத்தில் பெரும்பகுதி பஸராவில் சொல்லப்பட்ட அந்த உத்தரவுகள்தான். ஓடுபவர் மீண்டும் அணி சேர ஒரு படை காத்திருந்தால் துரத்தலாம் என்கிறார்கள் ஹனஃபிகள். அப்போதும் கூடாது என்கிறார்கள் ஷாஃபிஈகள். பொருளை கனீமத்தாக எடுக்கக் கூடாது என்பதில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அன்னை ஆயிஷா (ரலி) ஹிஜ்ரி 36 ரஜப் மாத ஆரம்பத்தில் பஸராவிலிருந்து புறப்பட்டார்கள். பயணத்துக்கு வேண்டிய வாகனமும் உணவும் அலீ (ரலி) ஏற்பாடு செய்திருந்தார்கள். துணைக்கு பஸராவின் கண்ணியமான பெண்களையும் சகோதரர் முஹம்மதையும் அனுப்பினார்கள். மக்கள் கூடி நின்றபோது, தமக்கும் அலீக்கும் இடையில் முன்பு இருந்தது ஒரு பெண்ணுக்கும் அவள் புகுந்த வீட்டாருக்கும் இடையே வழக்கமாக இருக்கும் மனத்தாங்கல்தான் என்றும், அவர் நல்லவர்களில் ஒருவர் என்றும் அன்னை சொன்னார்கள். உண்மையைச் சொன்னார்கள் என்று அலீ (ரலி) ஆமோதித்து, இவர்கள் இம்மையிலும் மறுமையிலும் உங்கள் நபியின் மனைவி என்று மக்களுக்கு அறிவித்தார்கள். பிறகு சில மைல் தூரம் தாமே கூடச் சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்கள்.