பித்தப்பை போனால் நெய்யும் போகுமா?

அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்தவருக்கு மருத்துவர் சொன்ன அறிவுரை நாலு வரி. அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரர்களும் சொல்வது நாலு பக்கம். எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது, தேங்காய் ஆகாது, ஆயுசுக்கும் இட்லியும் ரசஞ்சாதமும்தான். கணைய அழற்சி வந்து பிழைத்தவருக்கும் அப்படியே இதே பட்டியல்தான் கிடைக்கிறது. ஆனால் பித்தப்பையும் கணையமும் செய்யும் வேலை வேறு. அவை கெட்டால் சாப்பாட்டில் செய்ய வேண்டிய மாற்றமும் வேறு. பித்தப்பையை எடுத்தவருக்குப் பெரும்பாலும் நீண்ட காலப் பத்தியமே தேவையில்லை. கணையம் பழுதானவருக்கோ பத்தியத்தாலேயே உடம்பு உருகிப்போகிற ஆபத்து இருக்கிறது.

“பித்தப்பையை எடுத்தாச்சு, இனிமேல் கொழுப்பே செரிக்காது”

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. அதில் ஒரு பங்கை வாங்கிக் கெட்டியாக்கி வைத்திருந்து, நாம் சாப்பிடும்போது சிறுகுடலுக்குள் பிழிந்துவிடுவது மட்டுமே பித்தப்பையின் வேலை. அதன் கொள்ளளவே 30 முதல் 50 மில்லிதான். பையை எடுத்துவிட்டால் பித்தநீர் சேமிக்கப்படாமல் நேரே குடலுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும், கொழுப்பும் செரிக்கும். பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியது 1882-இல். அன்றிலிருந்து உலகெங்கும் எத்தனையோ பேர் பித்தப்பை இல்லாமல் நல்லபடியாகச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். குதிரைக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது.

முதல் சில வாரங்களுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே வேளையில் ஏராளமான கொழுப்பு போனால், சொட்டுகிற பித்தநீர் அதற்கு ஈடுகொடுக்காமல் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். பூரி, வடை, பரோட்டா, பிரியாணியைத் தள்ளிவையுங்கள். தாளித்த குழம்பு, அவித்த முட்டை, சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டதை விட வேண்டாம். மூன்று வேளையில் சாப்பிடுவதை ஐந்து வேளையாகப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சிலருக்குச் சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். பித்த அமிலங்கள் பெருங்குடல் வரை போய் அங்கே நீரைச் சுரக்கவைப்பதால் வரும் தொல்லை இது. பெரும்பாலானவர்களுக்கு நாளடைவில் தானே அடங்கிவிடும். ஓட்ஸ், இசப்கோல், வெண்டைக்காய் போன்ற கரையும் நார்ச்சத்து உதவும்; காபியும் அதிகக் காரமும் கெடுக்கும். அடங்காவிட்டால் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற மருந்து இருக்கிறது. அது தெரியாமல், வெட்கப்பட்டு, வருடக்கணக்கில் வெளியூர்ப் பயணத்தையே நிறுத்திவிட வேண்டியதில்லை.

“வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் கரைந்துவிடும்”

ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்றதும் வீட்டில் வாழைத்தண்டு நறுக்கத் தொடங்கிவிடுகிறோம். சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படும் வைத்தியம் அது. சிறுநீர்ப் பாதைக்கும் பித்தப் பாதைக்கும் தொடர்பே கிடையாது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பித்தப்பைக் கல் சிறுநீரில் வராது. கொலஸ்ட்ரால் கற்களில் சிறியவற்றை மட்டும் மாத்திரையால் மாதக்கணக்கில் கரைக்க முயலலாம். கரைந்தாலும் திரும்ப வரக்கூடும். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நிறமிக் கற்கள் மாத்திரைக்கும் அசையாதவை. ஒன்றை ஆறுதலாகச் சொல்லலாம்: வலியே தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, கண்காணித்தாலே போதும்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வரும் என்று பரவும் வைத்தியமும் பொய். அப்படி வந்த ‘கற்களை’ நியூசிலாந்து மருத்துவர்கள் சோதித்து 2005-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, கால்சியமும் இல்லை. 40 டிகிரி வெப்பத்தில் அவை உருகி எண்ணெயாயின. குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்புக்கட்டியாக மாறி வந்திருக்கிறது. கொழுப்பு மொத்தமாக இறங்கினால் பித்தப்பை பலமாகச் சுருங்கும். அந்த வேகத்தில் உண்மையான கல் ஏதாவது நகர்ந்து பித்தக் குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

குழாய் அடைபட்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“கணையம் கெட்டால் கஞ்சிதான்”

என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே அதிகக் கேடு செய்வது இந்த நம்பிக்கைதான்.

திடீர்க் கணைய அழற்சியில் வாய்வழியே எதுவும் தராமல் நாட்கணக்கில் பட்டினி போடுவது ஒரு காலத்து வழக்கம். கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று நினைத்தார்கள். குடல் பட்டினி கிடந்தால் அதன் சுவர் நலிந்து கிருமிகள் கசியும் என்பது பிறகு தெரியவந்தது. இப்போது மிதமான பாதிப்பு உள்ளவர்களுக்கு, வாந்தி இல்லாமல் பசியும் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள்ளேயே கொழுப்புக் குறைந்த திட உணவைத் தரச் சொல்கிறார்கள். பித்தப்பைக் கல்லால் வந்த அழற்சி என்றால் சாப்பாட்டை மாற்றுவது மட்டும் போதாது, பித்தப்பையை எடுத்தாக வேண்டும். அழற்சிக்காக மருத்துவமனையில் இருக்கும்போதே எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கே மீண்டும் சிக்கல் வந்தது, தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு வந்தது என்று 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

நாள்பட்ட கணைய அழற்சி இன்னும் கவலைக்குரியது. கொழுப்பைச் செரிக்கும் நொதிகள் குறைந்துபோவதால் மலம் எண்ணெய்ப் பசையோடு, கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு போகும். அதைப் பார்த்துப் பயந்து எண்ணெயை நிறுத்துவார்கள், பிறகு பாலை, பிறகு பருப்பை. கடைசியில் மிஞ்சுவது கஞ்சி. சில மாதங்களில் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய ஆரம்பித்துவிடும். இவர்களுக்கு வேண்டியது புரதமும் கலோரியும் நிறைந்த சாப்பாடு, ஐந்தாறு சிறு வேளைகளாக. முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, தயிர், பருப்பு எல்லாம் சாப்பிடலாம். கொழுப்பை நிறுத்துவதற்குப் பதில் நொதி மாத்திரை சாப்பிட வேண்டும். அதையும் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். கை கழுவியபின் விழுங்கினால் வேலை செய்யாது. மாத்திரை போட்டும் எண்ணெய் மலம் நிற்கவில்லை என்றால் முதலில் அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள். இந்த நொதி மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. மனம் ஒப்பாதவர்கள் சொல்லாமல் நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

எல்லாருக்கும் நல்லது என்று சொல்லப்படும் நார்ச்சத்தும் இவர்களுக்கு அளவோடுதான். மிக அதிகமானால் நொதிகளின் வேலையைத் தடுக்கும். கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைவதால் எலும்பு மெலியும். ரத்தப் பரிசோதனை அவசியம். சர்க்கரை நோயும் வரலாம். கணையம் இன்சுலினை மட்டுமல்ல, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககானையும் சுரக்கிறது. இரண்டும் குறைந்தவருக்கு, இன்சுலின் போட்டுக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். விரதமோ நோன்போ இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கின் மேல் உள்ள பழியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் ஏழை இளைஞர்களிடம் கணையக் கற்களும் சர்க்கரை நோயும் சேர்ந்து காணப்பட்டதை மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். கிழங்கில் உள்ள சயனைடுதான் காரணம் என்று நெடுநாள் சந்தேகப்பட்டார்கள். அது நிரூபணமாகவில்லை; ஸ்பிங்க்1 போன்ற மரபணு மாற்றங்களுக்குப் பங்கு இருப்பது பின்னர் தெரிந்தது. நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்த கிழங்கு யாருடைய கணையத்தையும் கெடுத்ததாகச் சான்று இல்லை.

“பீர்தானே, ஒன்றும் செய்யாது”

செய்யும். கணையத்துக்கு பீர், பிராந்தி, கள் என்ற பேதமெல்லாம் தெரியாது. பீடியும் சிகரெட்டும்கூடக் கணைய அழற்சியை வேகமாக முற்றவைக்கும். மது, புகை இந்த இரண்டை மட்டும் முழுமையாக, நிரந்தரமாக நிறுத்தத்தான் வேண்டும்; இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

வீட்டில் கணையம் பழுதானவர் ஒருவர் இருந்தால் மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். எடை இறங்கினாலோ மலத்தில் எண்ணெய் மிதந்தாலோ, அந்தக் குறிப்போடு உணவியல் நிபுணரையும் மருத்துவரையும் பாருங்கள். அதற்கு முன்பே நீங்களாக இன்னொரு உணவை அவர் தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.