பதக்கமா, வராகனா, பவுன் காசா?

1911 டிசம்பர் 12 அன்று பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தம் பட்டாபிஷேகத்தைக் கொண்டாட டெல்லியில் தர்பார் நடத்தினார். அதன் நினைவாக அடித்த பதக்கங்களில் வெள்ளி பல்லாயிரம். தங்கம் 200 மட்டுமே. சமஸ்தான மன்னர்களும் மிக உயர்ந்த அதிகாரிகளும் வாங்கிக்கொண்டவை அவை. அதற்கு முந்தைய 1903 தர்பாருக்கு அடித்த தங்கப் பதக்கம் 140. விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக 1877 ஜனவரி 1-இல் அறிவித்தபோது கொடுத்தது இவ்விரண்டையும்விடப் பெரிய பதக்கம்: 58 மில்லிமீட்டர் விட்டம், கழுத்தில் தொங்கவிட்டு அணிவது.

அமெரிக்காவில் இதே வேலையை அதிபர் பதவியேற்புப் பதக்கங்கள் செய்கின்றன. தியோடர் ரூஸ்வெல்ட்டுக்காக 1905-இல் அகஸ்டஸ் செயின்ட்-கௌடன்ஸும் அடால்ஃப் வைன்மனும் வடித்தது சேகரிப்பாளர்கள் பெருமூச்சு விடும் பொருள். கென்னடியின் 1961 பதக்கம் பால் மேன்ஷிப் செய்தது. வெண்கலத்தில் தேடினால் அகப்படும். பழைய தங்கப் பிரதிகள் ஒருசிலர் கைக்கு மட்டுமே போனவை. நம் குடியரசில் அந்த வழக்கம் வேர்விடவில்லை. ஆகவே நம்மூர்க்காரருக்குப் பட்டாபிஷேகப் பதக்கம் வேண்டுமென்றால் தர்பார் காலத்துக்குத்தான் போகவேண்டும்.

ஆரணியில் (பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை, பெரியபாளையத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஆரணி) அல்லது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சம்பாதிக்கும் ஒருவர், நகையாக இல்லாமல் சரித்திரம் உள்ள தங்கமாகக் கொஞ்சம் சேர்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தர்பார் பதக்கம், பிரிட்டிஷ் பவுன் காசு, மதராஸ் பக்கத்துப் பழைய தங்க வராகனும் ‘பணம்’ என்ற பொடித் தங்கக் காசும், இன்று அரசு நிறுவனங்கள் விற்கும் புதுக் காசு என்று அவருக்கு எதிரே பல வழிகள். எதை எடுத்தாலும் கேட்கும் விலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று உலோகத்தின் விலை. அதை நகைக்கடைப் பலகையே சொல்லிவிடும். மற்றது கதையின் விலை. அதற்குச் சாட்சி வேண்டும். கதையின் பங்கு ஏற ஏறக் காகிதமும் ஏறவேண்டும்.

தங்கத் தர்பார் பதக்கம் சறுக்குவது இங்கேதான். 1911 பதக்கத்தின் விளிம்பில் பெறுபவர் பெயரைப் பொறிக்காமலே கொடுத்தார்கள். கையில் இருப்பது ஒரு மகாராஜாவின் பதக்கம் என்று விற்பவர் சொன்னால், அதைப் பதக்கத்திலிருந்து மெய்ப்பிக்க வழி கிடையாது. பழைய ஏல ரசீது, குடும்பக் கடிதம், அசல் பெட்டி, நாடா, ஏதாவது ஒன்று கூட வரவேண்டும். இன்னொரு தொல்லை, வெள்ளிப் பதக்கமும் அதே அச்சில் அடித்ததுதான். அதற்குத் தங்க முலாம் போட எந்தப் பட்டறையும் போதும். கதையில் ஆசை இருப்பவர் வெள்ளியையே வாங்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அதே ராஜா ராணி, பின்பக்கம் அதே பாரசீக எழுத்து, அதே அளவு. போலி செய்து சம்பாதிக்க அதில் பெரிய லாபமும் இல்லை.

தங்கத்தில்தான் பதக்கம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு, 1900-இல் ஏற்படுத்திய கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொஞ்சம் பாதுகாப்பான இடம். நீள்வட்ட வடிவம்; முதல் வகுப்பு தங்கம். பொதுச்சேவைக்காகக் கொடுத்ததால் பெற்றவர் பெயர் அரசிதழில் வந்திருக்கும், விற்பவர் சொல்லும் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னையில் இளம் விதவைகளுக்குப் படிப்பு கொடுத்த சகோதரி சுப்புலட்சுமி 1920-இல் இந்தத் தங்கப் பதக்கம் பெற்றார். 1915-இல் இதையே பெற்ற காந்தி அதைத் திருப்பி அனுப்பியதும் அதே 1920-இல்தான். சந்தைக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் வரிசையில் நிற்பவர்கள் ஆழமான பை உள்ளவர்கள்.

பவுன் காசுக்கு வருவோம். நகைக்கடையில் சவரன் என்றால் 8 கிராம். அசல் நாணயம் 7.98 கிராம், 22 காரட், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். பெரும்பாலானவற்றின் பின்பக்கம் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜ் டிராகனைக் குத்துகிறார். சாதாரண ஆண்டுக் காசுக்குக் கதையின் விலை மிகச் சிறியது. தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும், விற்கும்போதும் பெரிதாகக் கையைக் கடிக்காது. பெரிய முதலீடு இல்லாமல் சரித்திரத்தைத் தொட இதைவிட நல்ல வாசல் இல்லை.

இதிலேயே இந்தியக் காசு ஒன்று உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918 என்ற ஒரே ஆண்டு முத்திரையோடு, பம்பாய் நாணயச்சாலை பவுன் காசு அடித்தது. எண்ணிக்கை சுமார் 13 லட்சம். ஆண்டு எண்ணுக்கு மேலே, குதிரையின் காலடித் தரையில், ஆங்கில ‘ஐ’ எழுத்து பொடியாக இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் தேடவேண்டாம். அதே 1918-இல் பம்பாயில் அடித்த 15 ரூபாய்த் தங்கக் காசும் எடையிலும் மாற்றிலும் பவுன் காசுக்குச் சமம். ஆனால் சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். 2013-லிருந்து பவுன் காசை இந்தியாவிலேயே மீண்டும் ‘ஐ’ முத்திரையோடு அடிக்கிறார்கள். அது புதுக் காசு, பழைய காசின் விலை சொன்னால் நடையைக் கட்டலாம்.

நம் வீடுகளில் இருக்கும் பழைய பவுன் காசுகளுக்கு ஒரு தனி நோய் உண்டு: காசுமாலை. கொக்கி பற்றவைத்த காசை, கொக்கியை அறுத்து மெருகேற்றி ‘புதுசு மாதிரி’ விற்பார்கள். விளிம்பின் சொரசொரப்பை நகத்தால் சுற்றிப் பார்த்தால், பற்றவைத்த இடத்தில் வரிகள் மழுங்கியிருக்கும். அப்படிப்பட்டது எடைக்கு மட்டுமே பெறும். இதற்காக அம்மாவின் காசுமாலையை யாரும் சந்தேகமாகப் பார்க்கவேண்டாம். அது மாலையாகவே இருக்கட்டும்.

மாற்றைப் பரிசோதிக்க ஆய்வகம் தேவையில்லை. டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். பவுன் காசு என்றால் தராசு 0.45 கிராமை ஒட்டிக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 22 காரட்டுக்கு 17.5-ஐ ஒட்டி விடை வரும். முலாம் பூசிய வெள்ளிப் பதக்கம் 10.5 பக்கம் நின்றுவிடும். நகைக்கடையின் காரட் மீட்டர் மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால், பதக்கத்துக்கு இந்தத் தண்ணீர்ச் சோதனையே மேல். ஆனால் தங்கம் சுத்தமாக இருப்பதால் மட்டும் காசு அசலாகிவிடாது. 1950, 60-களில் பெய்ரூட்டில் சரியான மாற்றிலேயே பவுன் காசு அடித்துப் புழங்கவிட்டார்கள். எழுத்தின் கூர்மை, விளிம்பு, ஆண்டு, அச்சு எல்லாம் அசல் காசோடு வைத்துப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

இந்த வட்டாரத்துக்காரர் உண்மையில் நின்று பார்க்கவேண்டியது வராகன்தான். ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காட்டில் 1610-இல் வியாபாரத்துக்கு இடம் பிடித்த டச்சுக்காரர்கள், 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே நாணயமும் அடித்தார்கள். அப்போது இந்தச் சீமையின் ராஜா விஜயநகர வழிவந்த வேங்கடபதி ராயர். அவருடைய வராகனில் திருவாசிக்குள் நிற்கும் வேங்கடேசர் ஒரு பக்கம், ஸ்ரீ வேங்கடேச்வராய நம என்ற நாகரி எழுத்து மறுபக்கம். எடை 3.4 கிராமுக்கு அருகே. பின்னால் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் பெருமாளை விடவில்லை: மதராஸ் நட்சத்திர வராகனில் முன்னால் விஷ்ணு, பின்னால் புள்ளிகளுக்கு நடுவே ஐந்துமுனை நட்சத்திரம். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் ரூபாயே நாணயம் என்று ஆனபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். 1819-இல் மதராஸில் அடித்த மொகர் என்ற தங்கக் காசு 11.66 கிராம், பவுன் காசைப் போலவே 22 காரட். அழகான பொருள், விலையும் அப்படியே.

கையில் இருப்பது குறைவென்றால் ‘பணம்’ காசில் தொடங்கலாம். வீரராயன் பணம் போன்றவை அரை கிராமுக்கும் கீழே, மிளகளவு தங்கம். நுணுக்கமான படம் இல்லாத பொடிக் காசு என்பதால் போலி செய்வதும் சுலபம், ஆகவே உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்து ரசீதோடுதான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு போனால் ஏமாறும் வாய்ப்பு பாதியாகக் குறையும்.

புதுக் காசுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2015 நவம்பரில் வந்த இந்தியத் தங்கக் காசு 24 காரட், ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி. திருமலையில் விற்கும் வேங்கடேசர் தங்க டாலரும் இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய உண்டு. இரண்டும் நல்ல சேமிப்பு. சேகரிப்பு என்று சொல்ல இன்னும் நூறாண்டு ஆகவேண்டும்.

அந்த நூறாண்டுக் கணக்கு சட்டத்திலும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1918 பவுன் காசும் 1911 பதக்கமும் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. துபாயில் இருக்கும் மகளுக்குச் சீராக அனுப்ப நினைப்பவர் கவனிக்கவேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் கிடைத்தது என்று யாராவது காசை நீட்டினால் தொடவே கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் பெறும் புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. மறைத்தவருக்குச் சிறையும் உண்டு. வருமான வரிச் சோதனையில் மணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை பறிமுதல் செய்யமாட்டார்கள் என்ற 1994 சுற்றறிக்கை, நகைகளைப் பற்றியது. காசுக்கும் பதக்கத்துக்கும் ரசீதுதான் துணை.

ரசீதில் ‘பழைய தங்கக் காசு 1’ என்று எழுதினால் போதாது. ஆண்டு, நாணயச்சாலை, எடை, மாற்று, முலாமா முழுத் தங்கமா, கொக்கி வைத்த தழும்பு உண்டா என்பதெல்லாம் வேண்டும். இருபக்கப் படமும் சேர்த்து வைக்கவேண்டும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துப் பளபளக்க வைக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொண்டால், ஒரு சவரன் நகைக்கு ஒதுக்கிய தொகையில் பம்பாய் முத்திரை உள்ள பவுன் காசோ, கொஞ்சம் விலைபேசினால் நட்சத்திர வராகனோ தேடத் தொடங்கலாம். 1911 வெள்ளிப் பதக்கம் அதற்கடுத்த ஆண்டுக்கு.