ஆடவரும் விற்கப்படுவர்

சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணவர்க்கு 'அடிமை வாழ்வு' என்னுந் தலைப்பிற் கட்டுரை வரையப் பணித்தோம். வந்தவை யாவும் பெண்களையுஞ் சிறுமியரையும் பற்றியனவே. ஓர் ஆடவனேனும் அவற்றில் இடம்பெற்றிலன். மாணவரைக் குறைகூற எமக்கு வாயில்லை. தலைப்பைக் கொடுத்தபோது எம் மனத்தெழுந்த உருவமும் ஒரு பெண்ணினதே.

சொல்லிலிருந்து தொடங்குவோம். 'ஆட்கடத்தல்' என்றதும் வாயைப் பொத்தி வண்டியிலேற்றிச் செல்லுங் காட்சியே தோன்றுகின்றது. சட்டங் கூறும் பொருள் அதனினும் விரிந்தது. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையின்படி, வளர்ந்தோர் ஒருவரை வலுக்கட்டாயத்தாலோ வஞ்சகத்தாலோ சுரண்டும் நோக்குடன் சேர்ப்பதும் கொண்டுசெல்வதும் மனித வியாபாரமாம். வஞ்சிக்கப்பட்டவன் தன் காலால் நடந்து சென்றான், தன் கையால் ஒப்பமிட்டான் என்பது அக்குற்றத்தை நீக்காது. இலங்கை 2006இல் இக்குற்றத்தைத் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்த்தது; 2015இல் உடன்படிக்கையை உறுதிசெய்தது. உடன்படிக்கை எல்லா மனிதர்க்கும் உரியதாயினும் அதன் நீண்ட பெயரிற் 'சிறப்பாகப் பெண்கள், சிறுவர்' என்றிருக்கின்றது. அது தக்கதே. ஆயின் 'சிறப்பாக' என்பதை 'மாத்திரம்' என்று வாசித்தோர் பலர்.

இந்தோனேசியாவின் கிழக்கே, அரூ தீவுகளிற் பெஞ்சீனா என்றோர் ஊர் உண்டு. 2015இல் வெளிவந்த செய்திக்காக அசோசியேட்டட் பிரெஸ் செய்தியாளர் அங்குச் சென்றபோது, தப்பியோடாவண்ணம் ஆடவர் சிலர் கூண்டில் அடைக்கப்பட்டிருக்கக் கண்டனர். அவ்வூரில் அகப்பட்டிருந்தோருட் பெரும்பாலார் மியன்மார் நாட்டினர். தாய்லாந்தில் வேலையென்று அழைக்கப்பட்டு மீன்பிடிக் கப்பல்கட்கு விற்கப்பட்டோர். நாளொன்றில் 20 மணித்தியாலத்துக்கு மேலும் வேலை வாங்கினர். ஊர் திரும்பக் கேட்டவர்க்கு அடி கிடைத்தது. அடிக்க உதவியவற்றுள் ஒன்று திருக்கைவால். நம் கரையோரத்துப் பெரியோர்க்கு அதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. ஒருவர் 22 ஆண்டுகள் வீட்டைக் காணாதிருந்தார். அங்குள்ள இடுகாட்டில் 60க்கு மேற்பட்ட கல்லறைகள் இருந்தன. அவற்றிற் குறித்திருந்த பெயர்கள் இறந்தோருடையனவல்ல. கப்பலேற்றியபோது பொய்யாகச் சூட்டிய தாய்லாந்துப் பெயர்கள். பெற்றவள் தேடி வரினும் மகனின் குழியை அறியாள்.

இச்செய்தி வெளிவந்தபின் 2,000க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். ஆயின் மீண்டவன் நிலை யாது? காவலர் கண்ணில் அவன் அனுமதியின்றி நாடு புகுந்தவன். அயலார் கண்ணிற் பொருளீட்டத் தெரியாதவன். தன் கண்ணில் ஏமாந்தவன். ஆண்மகன் அழலாகாது என்று சிறுவயதிலேயே நாம் கற்பித்துவிட்டமையால், அவன் முறையிடவும் அறியான். ஐக்கிய நாடுகள் சபை அலுவலகத்தின் கணக்கில், 2022இற் கண்டறியப்பட்டோருள் ஆடவரும் ஆண்பிள்ளைகளுமாக ஏறத்தாழப் பத்தில் நால்வர் உளர். கண்டறியப்பட்டோர் தொகையே இது.

மீன்பிடிப்போர் கதை நமக்கெதற்கு என்பாருமுளர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின், கணினியும் ஆங்கிலமும் கற்ற நம் நாட்டு இளைஞர் பலர் சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, எல்லை கடத்தி மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டனர். கணினி வழியே வேற்று நாட்டாரை ஏமாற்றிப் பணம் பறிப்பதே அங்கு அவர்க்கு இட்ட வேலை. மறுத்தோர் வதைக்கப்பட்டனர். வேலைக்கென்று அழைப்பவன் சுற்றுலா விசாவை நீட்டுவானாயின் அங்கேயே நின்றுவிடுமாறு எம் மாணவர்க்குச் சொல்லி வருகின்றோம்.

மீண்டு வந்த இளைஞர் வாய்திறவாமைக்கு மற்றொரு காரணமுமுண்டு. அவர்கள் வஞ்சிக்கப்பட்டோர், பிறரை வஞ்சிக்கும்படி அடித்து ஏவப்பட்டோருமாவர். இவ்விரண்டையும் ஒருங்கே யாரிடஞ் சொல்வது? ஊரவர் வினவும் முதல் வினாவோ, 'எவ்வளவு உழைத்துக்கொண்டு வந்தாய்?' என்பது.