மிதப்பு விசை: அம்புக்குறியின் மேல் ஒரு வினைச்சொல்

ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். உடனே இன்னொன்று கேளுங்கள்: குளத்தடியில் கிடக்கிற கல்லின் மேல் மிதப்பு விசை உண்டா? வகுப்பில் பாதிப்பேர் ‘இல்லை’ என்பார்கள். இந்த ஓட்டையைத் தேர்வுத்தாள் காட்டாது, சொற்களை அம்புகளால் இணைக்கும் கருத்து வரைபடம் காட்டும். 1972-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் இதை உருவாக்கியதே பிள்ளைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான்.

தாளின் உச்சியில் தலைப்பு வேண்டாம், கேள்வி எழுதுங்கள். என் புதுக்கடைப் பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பட்டணக் கடற்கரை எட்டும் தூரம், அங்கே பார்ப்பதையே கேட்கலாம். ‘வள்ளம் மிதக்கிறது, அதைவிட எடை குறைந்த நங்கூரம் மூழ்குகிறது. ஏன்?’ இது போதும்.

பிறகு எட்டுச் சொற்கள்: எடை, பருமன், அடர்த்தி, திரவம், வெளியேறிய நீர், மிதப்பு விசை, மிதத்தல், மூழ்குதல். இருபது சொல் கொடுத்தால் சிலந்திவலைதான் வரும். துண்டுச் சீட்டில் எழுதி, தாளின்மேல் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் உறுதியான பிறகே பென்சில் எடுக்க வேண்டும்.

இனிதான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். அம்புகளை வேகமாகப் போடுவார்கள், அம்பின் மேல் ஒன்றும் எழுத மாட்டார்கள். கேட்டால் ‘சம்பந்தம் உண்டு சார்’ என்பார்கள். ‘சம்பந்தம்’ என்ற சொல்லையே என் வகுப்பில் தடைசெய்துவிட்டேன். இரண்டு சீட்டும் நடுவிலுள்ள சொல்லும் சேர்ந்து ஒரு முழு வாக்கியமாக வாசிக்க வர வேண்டும். ‘வெளியேறிய நீரின் எடை – சமம் – மிதப்பு விசை’ என்பது வாக்கியம். ‘மிதப்பு விசை – மிதத்தல்’ என்பது வெறும் கோடு.

வாக்கியமாக எழுத வைத்தால்தான் தப்பு வெளியே வரும். நான் அதிகம் பார்த்தது, ‘மிதக்கும் பொருளில் மிதப்பு விசை எடையைவிட அதிகம்’ என்பது. அசையாமல் மிதக்கிற வள்ளத்தில் இரண்டும் சமம். காலிக் குடத்தின் வாயை மூடித் தண்ணீருக்குள் அமுக்கும்போதுதான் விசை எடையை மிஞ்சும். கையை எடுத்ததும் குடம் எழும்பும், வெளியேறிய நீர் குறையும், சமமானதும் நின்றுவிடும். இதைச் சொல்லித் திருத்தாதீர்கள், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குடத்தை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லுக்குச் சுருள்வில் தராசு: வெளியே 260 கிராம் காட்டும் கருங்கல்லின் பருமன் 100 மில்லிலிட்டர் என்றால், நீருக்குள் 160 காட்டும். குறைந்த 100 கிராம், கல் வெளியேற்றிய நீரின் எடை. மூழ்கிய கல்லுக்கும் ஒரு அம்பு வேண்டும் என்று அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

வரைபடத்தில் அடர்த்தி ஒரு பக்கம், விசை ஒரு பக்கம் என்று இரண்டு கிளை தனித்தனியாக நிற்கும். இரண்டையும் கட்டும் குறுக்கு அம்பு பருமனிலிருந்து புறப்பட வேண்டும்: எடையோடு சேர்ந்து அடர்த்தியைத் தீர்மானிப்பதும் பருமன்தான், அதிகபட்சம் எவ்வளவு நீர் வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பதும் பருமன்தான். ஊறப்போட்ட கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, நினைவுபடுத்துங்கள். முதலில் மிதக்கும். நாளாக நாளாகக் காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்து, பருமன் ஏறக்குறைய அப்படியே இருக்க எடை மட்டும் கூடி, அமிழ்ந்துவிடும். இந்த அம்பைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், பத்து நிமிடம் போனாலும் சரி.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு கேள்வி: குழித்துறை ஆற்றிலிருந்து கடலுக்குள் போகும் வள்ளம் கொஞ்சம் உயருமா, தாழுமா? ஒரு லிட்டர் ஆற்றுநீர் சுமார் 1 கிலோ, கடல்நீர் சுமார் 1.025 கிலோ. ‘திரவம்’ சீட்டிலிருந்து அம்பு போட்டு அவர்களே விடை சொல்லட்டும்.

முதல் வரைபடத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள். தேதி போட்டு வாங்கி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே எட்டுச் சீட்டைக் கொடுத்து, புதிதாக வரையச் சொல்லி, இரண்டையும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.