ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நிற்கத்தான் முடியவில்லை

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வயது 38. கோவிட் வந்துபோய் ஒன்றரை வருடமாகியும் களைப்பு தீரவில்லை. நின்று பாடம் நடத்தினால் படபடப்பு, தலைசுற்றல். ஒருநாள் வேலை கொஞ்சம் கூடிவிட்டால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. ரத்தம், ஈ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். "மனசைத் தைரியமா வச்சுக்குங்க, நல்லா வாக்கிங் போங்க" என்கிறார்கள். லாங் கோவிட் தெரிந்த மருத்துவரை எங்கே தேடுவது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, எப்போது படபடப்பு வருகிறது, எப்போது படுக்கையில் விழுகிறீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டதால் என் வேலையில் பாதி முடிந்தது.

ரிப்போர்ட் நார்மல் என்றால் நோய் இல்லை என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். எடுத்த சோதனைகள் வீண் என்று சொல்லமாட்டேன். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, காசநோய் ஆகியவையும் இதே களைப்பைத் தரும். அவற்றை முதலில் தேடியாக வேண்டும். லாங் கோவிட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தந்த வரையறையும் இதை ஒட்டியதுதான்: கோவிட் தொடங்கி மூன்று மாதத்துக்குப் பிறகும் காணப்படுகிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள். ஆகவே வேறொன்றும் இல்லை என்று சொல்லும் அந்த ரிப்போர்ட்டுகள் உங்கள் பக்கத்துச் சாட்சிகள். பத்திரமாக வைத்திருங்கள்.

பிறகு ஏன் எதிலும் ஒன்றும் தெரியவில்லை? ஈ.சி.ஜி.யையும் எக்கோவையும் படுக்கவைத்து எடுக்கிறார்கள். ரத்தம் உட்காரவைத்து எடுக்கிறார்கள். உங்கள் தொந்தரவு வருவதோ நிற்கும்போதும், உழைத்த மறுநாளும்.

நாம் எழுந்து நின்றதும் சுமார் அரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே தன்னியக்க நரம்புகள், அதாவது நம்மைக் கேட்காமலே துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொள்ளும் நரம்புகள், ரத்தக்குழாய்களைச் சுருக்கி அதை மேலே அனுப்புகின்றன. லாங் கோவிட் உள்ள பலருக்கு இந்த ஏற்பாடு குலைகிறது. ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நிலைத்தால், ரத்த அழுத்தமும் பெரிதாக இறங்காமல் இருந்தால், 'பாட்ஸ்' என்ற கோளாறைச் சந்தேகிக்கிறோம். எழுந்தால் துடிப்பு எகிறும் நோய் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதை அறியப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கும். பத்து நிமிடம் படுத்திருந்து துடிப்பைக் குறியுங்கள். பிறகு சுவரில் லேசாகச் சாய்ந்து பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே உட்காருங்கள். நெஞ்சுவலியோ, முழு மயக்கமோ வந்தால் இந்தச் சோதனையெல்லாம் பிறகு, முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்து அந்த இரண்டு நாள் படுக்கை. உழைப்புக்குப் பின் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து உடல் சரிவது லாங் கோவிட்டின் முக்கியமான அடையாளம். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 25 நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கவைத்து, அதற்கு முன்பும் மறுநாளும் தொடைத் தசையில் சிறு துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். தசை சேதமும், தசைச் செல்களின் ஆற்றல் உற்பத்தி குறைந்திருப்பதும் தெரிந்தன. 2024 ஜனவரியில் முடிவு வெளியானது. இதில் மனத்தைரியத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? உங்களைப் போன்றவர்களிடம் "தினமும் கொஞ்சம் கூட்டி நடங்க" என்று சொல்வது தீங்காகவே முடியலாம். இதேபோன்ற நாட்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைப் பிரிட்டனின் வழிகாட்டுதல் 2021-லேயே கைவிட்டது. விழுவதற்கு முன்பே நிறுத்தி ஓய்வெடுக்கும் அளவறிந்த உழைப்பைத்தான் இப்போது சொல்லித்தருகிறோம்.

சரி, மருத்துவர் எங்கே? லாங் கோவிட்டுக்கென்று தனிப் பட்டம் எந்த நாட்டிலும் இல்லை. பிரிட்டனில் 2020 இறுதியில் தனி மருத்துவ மையங்கள் தொடங்கியபோதும் நுரையீரல், இதயம், இயன்முறை, மனநலம் என்று பல துறையினரை ஓரிடத்தில் உட்காரவைத்தார்கள். நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2021-இல் தந்த வழிகாட்டுதல் உறுப்பு வாரியாகப் பிரிந்திருக்கிறது. அதனால்தான் நோயாளி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறார்.

ஆகவே சென்னையின் பெரிய பேராசிரியரைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பயணமே உங்களை நான்கு நாள் படுக்கவைத்துவிடும். பக்கத்திலேயே, எம்.டி. பொது மருத்துவம் படித்த ஒருவரை, கூட்டம் குறைந்த நேரம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோவிட் வந்த மாதம், முன்பு முடிந்து இப்போது முடியாத வேலைகள், இரண்டு வாரத் துடிப்புக் கணக்கு, எந்த வேலைக்குப் பின் எத்தனை நாள் படுத்தீர்கள் என்ற விவரம், எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். நல்ல மருத்துவர் அதைப் படிப்பார். "மறுநாள் எப்படி இருக்கும்?" என்று கேட்பார். உங்களை நிற்கவைத்துத் துடிப்பும் அழுத்தமும் பார்ப்பார். இதுவரை இந்த நோயைக் கேள்விப்படாதவராக இருந்தாலும் பரவாயில்லை. படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்பவரை நான் முழுமனதோடு நம்புவேன். அவருக்குத் தேவைப்பட்டால் இதயநோய் நிபுணருக்கோ, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்று தன்னியக்க நரம்புச் சோதனைக்கூடம் உள்ள இடத்துக்கோ எழுதித் தரட்டும்.

பேக்கேஜ் போட்டு டிரிப் ஏற்றிக் குணமாக்குகிறேன் என்பவரிடம் போகவேண்டாம். இந்த நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஐரோப்பாவில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து ஏற்றும் சிகிச்சைக்குச் சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு. அது பலன் தருமென்று அப்போதும் சான்று இல்லை.

ஆனால் தொந்தரவைக் குறைக்க வழி இருக்கிறது. பாட்ஸ் என்று உறுதியானால் தண்ணீரும் உப்பும் கூட்டச் சொல்வார்கள் (ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கூடாது). வெரிகோஸ் நரம்புக்குப் போடும் இறுக்கக் காலுறை பலருக்கு உதவுகிறது. துடிப்பைத் தணிக்க புரோப்ரனலால், ஐவாப்ரடின் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது என்பதால் முன்பே சொல்லிவிடுங்கள். மறக்காமல், உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி தேவை என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு சான்றிதழும் மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.